மின்வெட்டு காப்பாற்றிய கம்பெனி

*ரான்சம்வேர் தாக்கிய சில நிறுவனங்கள் பத்தே நாளில் எழுந்தன. சில இழுத்து மூடப்பட்டன. வித்தியாசம் எங்கே இருந்தது?*

2017-ம் ஆண்டின் நடுவில் ஒரு நாள். நைஜீரியாவில் ஒரு விமான நிலையம். கானாவிலிருந்து வந்திறங்கிய ஒருவர், அங்கே காத்திருந்த சக ஊழியரிடம் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார். வாங்கியவர் அதோடு லண்டன் விமானத்தில் ஏறினார். ஆறரை மணி நேரப் பயணம். உலகக் கப்பல் சரக்குப் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அன்று கையாண்ட மெர்ஸ்க் நிறுவனத்தின் உயிர் அப்போது அந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் 27-ம் தேதி, கோபன்ஹேகன் துறைமுகத்தை ஒட்டிய மெர்ஸ்க் தலைமையகத்தில் கம்ப்யூட்டர் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. சில திரைகளில், 'டிஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம், அணைக்காதீர்கள்' என்று ஒரு பொய்ச் செய்தி. வேறு சிலவற்றில் சிவப்பு எழுத்துகள்: ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் அனுப்பு. விஷயம் புரிந்தவர்கள் மாடி மாடியாக ஓடினார்கள். கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைகளுக்குள் புகுந்து பிளக்கைப் பிடுங்கினார்கள். மேசைத் தொலைபேசிகளும் செத்துப்போயின. மாலைக்குள் ஊழியர்களுக்குச் செய்ய எந்த வேலையும் மிஞ்சவில்லை.

நியூஜெர்சியின் எலிசபெத் துறைமுக வாசலில் சரக்கு லாரிகள் மைல் கணக்கில் நின்றன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எந்தக் கப்பலில் ஏற்ற வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. மெர்ஸ்க்கின் 76 துறைமுக முனையங்களில் 17 முடங்கின. மும்பையை அடுத்த நவசேவாவில் உள்ள முனையமும் அவற்றில் ஒன்று.

யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம், எதைத் திறக்கலாம் என்று வாசலில் நின்று ஆள் பார்த்து அனுப்பும் சர்வர்களுக்கு 'டொமைன் கன்ட்ரோலர்' என்று பெயர். மெர்ஸ்க்கிடம் உலகம் முழுக்க அப்படிச் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று அதுதான் நடந்தது. கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை!

இணையம் வழியாக அதை அனுப்ப முயன்றார்கள். கானாவின் இணைப்பு வேகத்துக்கு நாள் கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. கானா ஊழியர்களில் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை. அதனால்தான் அந்த நைஜீரிய விமான நிலையச் சந்திப்பு.

அந்த ஒரு டிஸ்க்கை அடித்தளமாக வைத்து 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், 2,500 மென்பொருள்களைப் பத்து நாளில் திரும்ப நிறுவினார்கள். அடுத்த ஆண்டு டாவோஸ் மாநாட்டில் மெர்ஸ்க் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே இந்தக் கணக்கைச் சொன்னார். நஷ்டம் 250 முதல் 300 மில்லியன் டாலர். இத்தனை பெரிய நிறுவனம் எழுந்து நின்றதற்கு அதன் திட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு மின்வெட்டு காரணம் என்பதை முதல்முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தற்செயலாகக் கிடைத்ததை அவர்கள் திட்டமிட்டே வைத்திருந்திருக்கலாம். நெட்வொர்க்கோடு ஒட்டாமல் ஒரு நகல், அவ்வளவுதான்.

முதல் வேட்டை பேக்கப்தான்

மெர்ஸ்க்கைத் தாக்கிய 'நாட்பெட்யா', உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக வந்தது. பணம் கேட்டாலும் கொடுத்தவர்களுக்குத் திறக்கும் வழி அதில் இல்லை. அழிப்பதுதான் அதன் வேலை. ரஷ்ய ராணுவத்தின் கைவரிசை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018-ல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டின.

ஆனால், நம் ஊர்க் கடைக்கும் அலுவலகத்துக்கும் வரும் ஆபத்து பெரும்பாலும் காசுக்காக வருவது. தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் இந்த ரான்சம்வேர் யோசனை புதிதல்ல. 1989-லேயே ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பி, கம்ப்யூட்டரை முடக்கி, பனாமாவில் உள்ள தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார். பணத்தை மாட்டிக்கொள்ளாமல் வாங்குவது அன்று கடினமாக இருந்தது. பிட்காயின் வந்து அந்தத் தடையை நீக்கிவிட்டது. இன்று இது கமிஷன் தொழில். மென்பொருளை ஒரு கும்பல் எழுதும். திருடிய பாஸ்வேர்டுகளை இன்னொரு கும்பல் விற்கும். உள்ளே நுழைந்து பூட்டுபவருக்குப் பெரும்பங்கு, மென்பொருள்காரருக்குக் கமிஷன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நுழைந்த அன்றே இவர்கள் பூட்டுவது குறைவு. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உள்ளேயே இருப்பார்கள். யாரிடம் அட்மின் பாஸ்வேர்டு இருக்கிறது, கணக்கு எங்கே, வாடிக்கையாளர் பட்டியல் எங்கே என்று நோட்டம் விடுவார்கள். முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். அதை அழித்துவிட்டால் பேரம் அவர்கள் பக்கம். 2019 இறுதியிலிருந்து இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது: பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்வது. 'திறக்கப் பணம் தரமாட்டாயா? சரி, வெளியே விடாமலிருக்கப் பணம் கொடு.' கடைசியில் பூட்டுவதற்குப் பெரும்பாலும் வார இறுதியையோ விடுமுறையையோ தேர்ந்தெடுப்பார்கள். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதுதான் முதலாளிக்குத் தெரியும்.

கொழும்பு இழந்த மாதங்கள்

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் 'லங்கா அரசு கிளவுட்' மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசு டொமைனில் இருந்த ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சேவை திரும்பிவிட்டது. ஆனால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கான பேக்கப்பும் இணைப்பிலேயே இருந்தது. சர்வரைப் பூட்டிய கை அதையும் பூட்டிவிட்டது.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்துபோனது. 2021 முதலே மாற்றத் திட்டமிட்டும் நிதி கிடைக்காமல் தள்ளிப்போனதாக, பொறுப்பிலிருந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கம் தந்தது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த அந்த ஆண்டுகளில் ஒரு மென்பொருள் செலவு தள்ளிப்போனதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தினமும் ஒரு நகலை எடுத்துக் கழற்றி வைப்பதற்கு அவ்வளவு செலவு ஆகியிருக்காது என்பதுதான் மனதை உறுத்துகிறது. தாக்குதலுக்குப் பிறகு அந்த ஏற்பாட்டைத்தான் தொடங்கப்போவதாக அறிவித்தார்கள்.

இதற்கு நேரெதிர் அனுபவம் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையுடையது. 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓ.பி. சீட்டு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாமே பேனாவுக்கும் பேப்பருக்கும் திரும்பின. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ரயிலேறி வரும் நோயாளிகள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். இரண்டு வாரம் இப்படிப் போனது. நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஆனாலும் நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்.

பெட்டிச் செய்தி: கணக்கில் வந்த நஷ்டம்

- வன்னாக்ரை, 2017 மே: சுமார் 150 நாடுகள். சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிஸான் ஆலையும் பாதிக்கப்பட்டது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது.
- நாட்பெட்யா, 2017 ஜூன்: உலக அளவில் மொத்த நஷ்டம் 10 பில்லியன் டாலர் என அமெரிக்க வெள்ளை மாளிகை மதிப்பிட்டது.
- கலோனியல் பைப்லைன் (அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனம்), 2021 மே: 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 4.4 மில்லியன் டாலர் கைமாறியது. நுழைந்த வழி, ஓடிபி பாதுகாப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு.
- சேஞ்ச் ஹெல்த்கேர் (அமெரிக்க மருத்துவக் கட்டணச் சேவை நிறுவனம்), 2024 பிப்ரவரி: கொடுத்த பிணைத்தொகை 22 மில்லியன் டாலர். இங்கேயும் நுழைவாயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை.

அடிபடுவது அடுத்தவர்

'என் கம்பெனி, என் தரவு, என் நஷ்டம்' என்று எந்த முதலாளியும் சொல்லிவிட முடியாது.

2024 ஜூலை 31. இந்தியாவின் சுமார் 300 சிறு வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களால் யூபிஐ அனுப்ப முடியவில்லை. அந்த வங்கிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேரில் சிக்க, தொற்று பரவாமலிருக்க தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. மறுநாள் சரியாகிவிட்டது. மாதக் கடைசி நாளில் கிராமத்து மனிதர் ஒருவருக்குப் பணம் நிற்பது என்றால் என்ன என்று பெருநகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிவது கடினம்.

அதே ஆண்டு ஜூனில் லண்டன் மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துதரும் சின்னோவிஸ் நிறுவனம் தாக்கப்பட்டது. ரத்த வகையைப் பொருத்திப் பார்க்கும் வேகம் குறைந்ததால், பெரும்பாலானோருக்கு ஏற்றக்கூடிய 'ஓ' வகை ரத்தத்துக்குத் தட்டுப்பாடு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளி சந்திப்புகள் தள்ளிப்போயின. ஒரு வருடம் கழித்து, கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை நிர்வாகம் ஒன்றை ஒப்புக்கொண்டது: அந்த நாட்களில் ஒரு நோயாளி எதிர்பாராமல் இறந்தார், ரத்தப் பரிசோதனை முடிவுக்கு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்ததும் காரணங்களில் ஒன்று.

கொடுத்தால் விடுவார்களா?

சம்பளத் தேதி நெருங்குகிறது, ஆர்டர் நிற்கிறது, திரையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. அந்த நேரத்தில் 'கொடுத்துத் தொலைத்துவிடலாம்' என்று நினைக்கும் முதலாளியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், கொடுத்தவர்களின் அனுபவத்தை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலோனியல் பைப்லைன் பணம் கொடுத்து வாங்கிய திறவுகோல் மிக மெதுவாக வேலை செய்ததால், சொந்த பேக்கப்பை வைத்தே மீட்பைத் தொடர வேண்டியிருந்ததாகச் செய்திகள் வந்தன. சேஞ்ச் ஹெல்த்கேர் 22 மில்லியன் டாலர் கொடுத்தது. பணத்தோடு கும்பலின் தலைமை மறைந்துவிட்டது. பங்கு கிடைக்காத கூட்டாளியிடமிருந்த தரவை வைத்து இன்னொரு கும்பல் மறுபடி மிரட்டியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டன் தலைமையில் பல நாட்டுப் போலீஸார் சேர்ந்து லாக்பிட் கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்ததைக் கண்டார்கள். 'அழித்துவிட்டோம்' என்ற உறுதிமொழி அவ்வளவு மதிப்புள்ளது.

நம் கடையில், நம் ஆபீஸில்

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், அதில் எண்பது வாடிக்கையாளர்களின் டேலி கணக்கு. மாதம் 20-ம் தேதி நெருங்கும்போது ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக இரவிலும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து விட்டிருப்பார்கள். பாஸ்வேர்டு, ஆபீஸ் பெயரும் 123-ம். இணையத்தை நோக்கித் திறந்து கிடக்கும் இப்படிப்பட்ட கதவுகளைத் தேடித் தட்டுவதற்கு ஆளே வேண்டாம். அதற்கான புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. 'நம்மையெல்லாம் யார் தேடி வரப்போகிறார்கள்' என்ற நிம்மதிக்கு இடமே இல்லை.

இன்னொரு வழி, காசு கொடுக்காமல் 'கிராக்' செய்து போடும் மென்பொருள். ஃபோட்டோ ஸ்டுடியோ, டிடிபி சென்டர், சின்ன அச்சகங்களில் இது சகஜம். 'ஸ்டாப்' என்றும் 'டிஜாவூ' என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் பெருமளவு பரவியதே இப்படித்தான். ஒரு ஸ்டுடியோவில் பூட்டப்படுவது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கல்யாணப் படங்கள். மறுபடி எடுக்க முடியாதவை.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால், பலரும் இருக்கிறது என்பார்கள். எங்கே? அதே கம்ப்யூட்டரின் 'டி' டிரைவில். அல்லது எப்போதும் யூஎஸ்பியில் செருகியபடியே இருக்கும் டிஸ்க்கில். அல்லது கூகுள் டிரைவோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரில். முதல் இரண்டும் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே பூட்டப்படும். மூன்றாவதில், பூட்டிய ஃபைல் தானாகவே மேலே போய்ப் பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்புகளை எவ்வளவு நாள் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தப்பிப்பது.

துறையில் இருப்பவர்கள் '3-2-1' என்பார்கள். மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். சிறு தொழிலுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம்: இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று. நகலெடுத்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஒன்று எப்போதும் முதலாளி வீட்டு பீரோவில் இருக்கட்டும். அப்புறம், எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்காக எடுத்த பேக்கப்பில் ஒன்றுமே இல்லை என்பது தேவைப்படும் நாளில் தெரிந்தால் அழுவதைத் தவிர வழியில்லை.

அந்தக் காலத்தில் பேரேட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்தோம். இன்று ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறோம். அந்த நாளுக்கு முன்தினம், பேக்கப்பிலிருந்து ஒரு மாதக் கணக்கை மீட்டெடுத்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டால் என்ன? ஆண்டுக்கு ஒருமுறை போதாதுதான். தொடங்குவதற்கு அது நல்ல நாள்.

மற்றவை சின்ன வேலைகள்தான். ரிமோட் வசதி வேண்டுமென்றால் விபிஎன் வழியாக, ஓடிபியோடு. தினசரி பில் போடும் கணக்குக்கு அட்மின் அதிகாரம் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பில்லிங் கம்ப்யூட்டரை இன்னும் தள்ளிப்போட வேண்டாம். சட்டமும் இறுகுகிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

பெட்டிச் செய்தி: திரை பூட்டிக்கொண்டால்

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் டிஸ்க், பென் டிரைவைக் கழற்றுங்கள். பக்கத்துக் கம்ப்யூட்டர்களையும் பிரித்துவிடுங்கள். மிரட்டல் செய்தியையும், ஃபைல் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் புது எழுத்துகளையும் செல்போனில் படமெடுங்கள். அவசரத்தில் 'ஃபார்மேட்' போட வேண்டாம், தடயம் போய்விடும். வைரஸ் இன்னும் இருக்கும் கம்ப்யூட்டரில் நல்ல பேக்கப்பைச் செருகவே கூடாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். யூரோபோல், டச்சு போலீஸ் முதலானோர் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் உண்டு. பணம் அனுப்ப நினைக்கும் முன் அங்கே தேடிப்பாருங்கள்.

ஓய்வுபெற்றவர்கள் திரும்பி வந்தார்கள்

2019 மார்ச் 19. நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவின் ஆஸ்லோ தலைமையகக் கதவில் ஊழியர்கள் ஒரு தாளைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. மூன்று மாதம் முன்பு, நம்பகமான ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சல் இணைப்பை ஓர் ஊழியர் திறந்ததுதான் தொடக்கம். 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள் கொண்ட நிறுவனம் அது.

பணம் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தார்கள். பேக்கப் இருந்தது, கட்டியெழுப்ப நாளாகும். அதுவரை ஆலைகளைக் கையால் ஓட்டினார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்து ஓய்வுபெற்றவர்கள், தாங்களே திரும்ப வந்து இளையவர்களுக்குக் கைகொடுத்தார்கள். இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. நிறுவனத்தின் நினைவு சர்வரில் மட்டும் இல்லை, மனிதர்களிடமும் இருந்தது.

இன்னொன்றும் செய்தார்கள்: எதையும் மறைக்கவில்லை. முதல் நாளே செய்தியாளர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்கள். நம் ஊரில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து வாய் திறப்பதே இல்லை. அதனால் பக்கத்துக் கடைக்காரருக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை. அதே கதவு வழியாக அதே கும்பல் அங்கேயும் நுழைகிறது. ஹைட்ரோவுக்கு ஏறக்குறைய 70 மில்லியன் டாலர் நஷ்டம். நம்பிக்கை போகவில்லை.

கெட்டரிங்கில் நின்ற லாரிகள்

இங்கிலாந்தின் கெட்டரிங்கைச் சேர்ந்த, 1865-ல் தொடங்கிய லாரி நிறுவனம் 'நைட்ஸ் ஆஃப் ஓல்ட்'. குதிரை வண்டிக் காலத்திலிருந்து தாக்குப்பிடித்து, கேஎன்பி குழுமத்தின் அங்கமாகி, சுமார் 500 லாரிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. சைபர் காப்பீடு எடுத்திருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளும் துறையின் வழக்கப்படி இருந்ததாகவே நிறுவனம் சொன்னது.

2023 ஜூனில் அகிரா கும்பல் நுழைந்தது. ஓர் ஊழியரின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே போனார்கள் என்று நம்பப்படுகிறது. தரவு மொத்தமும் போனது. கேட்ட பணம் கைக்கு எட்டாத தொகை. மூன்று மாதம் தள்ளாடிய நிறுவனம் செப்டம்பரில் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. சுமார் 730 பேருக்கு வேலை போயிற்று.

நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பால் அப்பாட், 2025-ல் பிபிசியிடம் பேசும்போது அந்த ஊழியரைப் பற்றிச் சொன்னார். உங்கள் பாஸ்வேர்டு வழியாகத்தான் எல்லாம் போனது என்று அவரிடம் தான் சொல்லவில்லை என்றார். நீங்களாக இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா என்று திருப்பிக் கேட்டார்.